எங்கள் மனநலம் டியூட்டி அட்டவணையில் இருக்கிறது

செடெனாக்கில் 'மிஸ்ஸி வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். மிஸ்ஸி என்றால் தாதி. மலேசியாவின் ஜொகூரில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் தாதி. இருபது வருடங்களுக்கு மேல் இதே வேலைதான். 2020, 2021 இரண்டு ஆண்டும் கோவிட் வார்டில் இருந்தேன். அந்த நாள்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "மனச தைரியமா வச்சுக்கம்மா." அன்போடு சொன்னார்கள், நன்றியோடு கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த ஆறுதலுக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. மனம் உடைந்தால் அதற்குக் காரணம் தைரியம் போதாதது என்று அது நினைக்கிறது. எங்களில் பலர் உடைந்தோம். தைரியம் இல்லாதவர் யாரும் அந்த வார்டுக்கு மறுநாள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

செடெனாக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டி, கூலாய் வருவதற்கு முன்னால் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் செம்பனை. இப்போது அந்தச் செம்பனைக்கு நடுவே கணினித் தரவு மையங்கள் எழும்பிவிட்டன. நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். எங்களுக்குத் தெரிந்த மருத்துவம் தோட்டத்து டிரஸ்ஸர்தான். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பார், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவார், நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். அவருக்கும் தூக்கம் வேண்டுமே என்று லயத்தில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. வைத்தியம் பார்க்கிறவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு பழையது.

மலேசியாவில் கோவிட் முதலில் எங்கள் மாநிலத்தின் வழியாகத்தான் தெரிய வந்தது. 2020 ஜனவரி 25 அன்று உறுதி செய்யப்பட்ட முதல் மூவரும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வந்த சீனப் பயணிகள். மார்ச் 17 அன்று நாட்டின் முதல் இரண்டு மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஒருவர் ஜொகூரைச் சேர்ந்த 34 வயது இளைஞர். மறுநாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மார்ச் 27 அன்று சிம்பாங் ரெங்கத்தில் கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட் பகுதியைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சுமார் 3,500 பேர் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலை. நாட்டிலேயே முதல் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு அது. எங்களுக்கு அது பக்கத்து ஊர், சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நோய் அன்றைக்கு வாசலுக்கு வந்துவிட்டது.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. மார்ச் 18இல் எல்லை மூடியதும் அங்கேயே தங்கிவிட்டார். ஜொகூரில் இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. பிறகு விதிகளோடு வந்துபோக வழி செய்தார்கள் என்றாலும், தனிமைப்படுத்தலுக்குப் போகும் நாள்களையும் போகும் சம்பளத்தையும் நினைத்துப் பலர் வரவில்லை. தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

முதல் மாதங்களில் என்னைத் தின்றது சாவு பயம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேனோ என்ற பயம்தான் பெரிது. மாமியாருக்கு இனிப்பு நீர், ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. டியூட்டி முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்து, துணியைத் தனியாக ஊற வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். சின்னவன் ஓடி வந்து கட்டிக்கொள்ளப் பார்ப்பான், கையை நீட்டித் தடுப்பேன். சில வாரங்களில் அவன் ஓடி வருவதையே நிறுத்திவிட்டான். பாதுகாப்பு உடைக்குள் இருக்கும் வெக்கையை, தண்ணீர் குடிக்க முடியாமல் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்த மணிகளை உடம்பு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பிள்ளை நின்ற அந்த இடம் மனதில் இருக்கிறது.

ஊர் பயந்ததையும் சொல்ல வேண்டும். கடையில் என்னைப் பார்த்ததும் விலகி நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. ஆனால் 2020 ஏப்ரலில் சென்னையிலிருந்து வந்த ஒரு செய்தியை எங்கள் வார்டுத் தமிழர்கள் யாரும் மறக்கவில்லை. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸ் கோவிட்டால் ஏப்ரல் 19 அன்று இறந்தார். அவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் இரவில் திரும்பிப் போய், மருத்துவமனை ஊழியர் துணையோடு தானே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி மூடினார். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் உதவித் தாதி ஒருவர் கேட்டார்: "அக்கா, நமக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம ஊர்லயும் இப்படித்தானா?" பதில் சொல்லாமல் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கிருமி புறப்பட்ட சீனாவில், 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளர்களிடம் தொடக்கத்திலேயே கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், 100இல் 45 பேருக்குப் பதற்றம், 34 பேருக்குத் தூக்கமின்மை. பெண்கள், தாதியர், நோயாளியின் படுக்கைக்கு நேரே நின்றவர்கள், இவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். அந்தப் பட்டியலை நான் பிறகுதான் படித்தேன். மூன்றும் நானே.

பயம் ஒரு கட்டத்தில் பழகிவிட்டது. 2021 பிப்ரவரி 24 அன்று நாட்டில் தடுப்பூசி தொடங்கி, முன்களப் பணியாளர்களுக்கு முதலில் போட்டார்கள். ஊசி போட்டபிறகு நிம்மதி வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். என்னை நிஜமாக வளைத்தது அதற்குப் பிறகு வந்த டெல்டா அலை.

கோவிட் நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரிப்போம். அறிகுறியே இல்லாதவர் முதல் வகை. பிராணவாயு தேவைப்படுபவர் நான்காம் வகை, உயிருக்குப் போராடுபவர் ஐந்தாம் வகை. நான்கிலிருந்து ஐந்துக்கு ஒருவர் போவதற்கு முன்னால், தொண்டையில் குழாய் வைத்துச் செயற்கை சுவாசக் கருவியில் போடுவதற்கு முன்னால், வீட்டாரோடு பேச வைப்போம். என் கைபேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நானே பிடித்துக்கொள்வேன். அது பலருக்குக் கடைசிப் பேச்சாகப் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். பேசுகிறவர்களுக்கும் பாதி தெரியும்.

பல ஷிஃப்டுகளில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்து வயதானவர்களில் பலருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும், அதுவும் மூச்சு முட்டும்போது வராது. "மிஸ்ஸி, இவங்க என்ன சொல்றாங்க?" என்று என் கையைப் பிடிப்பார்கள். டாக்டர் மலாயில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். உங்கள் நுரையீரல் தாங்கவில்லை, தூங்க வைத்துக் குழாய் போடப் போகிறோம் என்பதை. பிறகு வீட்டுக்குப் பேச வேண்டும். விடிந்ததும் இன்னொரு அழைப்பு, அப்பா போய்விட்டார் என்று. மற்ற தாதியருக்கு ஒரு படுக்கையின் சாவு என்றால், எனக்கு வார்டில் இருந்த எல்லாத் தமிழ்ச் சாவும். அடுத்த வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள், "கக், செகெஜாப்" என்று. ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் எந்தப் பணிப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மொழிபெயர்ப்பு ஒரு வேலை என்றும், அதைச் செய்கிறவர் மேல் பாரம் ஏறும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் வேறு. "கொஞ்சம் விபூதி பூசி விடுறீங்களாம்மா?" "வாய்க்கரிசி போட ஒருத்தரையாவது விடுவாங்களா?" "மூக்குத்தியக் கழட்டி வச்சிருப்பீங்களா?" பையில் வைத்துக் கட்டிய உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, நேரே சுடுகாட்டுக்குத்தான், ஒரு சிலர் தள்ளி நின்று பார்க்கலாம் என்று ஒரு மகனிடம் சொல்ல வேண்டியிருக்கும். விதி சரிதான், அன்றைக்கு இருந்த அறிவுக்கு அது தேவை. ஆனாலும் அதைச் சொன்ன வாய் என்னுடையது. அம்மா இறந்தபோது நெய்ப்பந்தம் பிடித்த வீட்டில் வளர்ந்தவள் நான். இன்னொரு வீட்டுக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லச் சொல்ல உள்ளே ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டே வந்தது.

அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு, மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதைப் பற்றி விரிவாக எழுதியவர். செய்ய வேண்டியது இதுதான் என்று மனதுக்குத் தெரிந்தும் செய்ய முடியாமல் போனால், அல்லது மனம் ஒப்பாததைச் செய்ய வேண்டி வந்தால், பயத்தால் வரும் அதிர்ச்சியிலிருந்து வேறான ஒரு காயம் ஏற்படுகிறது. பயந்தவரிடம் 'இனி ஆபத்து இல்லை' என்று சொன்னால் மெல்ல அடங்கும். மனசாட்சிக் காயம் பட்டவரிடம் அது எடுபடாது. அவர் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பணிச்சோர்வு இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது இதற்கு விளக்கம் தந்தது. உடல் மன வலு வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் பயனில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தது. அந்த விளக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இது தனி ஆளின் நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலை இடத்தில் நீண்ட நாளாகச் சரிசெய்யப்படாத அழுத்தத்தின் விளைவு என்றார்கள். மருந்து வேலை இடத்துக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்றுதானே இதற்கு அர்த்தம்?

2021 ஜூலை 25 அன்று மலேசியாவில் ஒரே நாளில் 17,045 பேருக்குத் தொற்று. மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. அதற்கு மறுநாள்தான் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் கறுப்பு உடை அணிந்து, காலை 11 மணிக்கு மருத்துவமனைகளைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். நிரந்தர வேலை சிலருக்கே. நிபுணத்துவப் படிப்புக்கு வழியும் மங்கல். இப்படி ஒரு நேரத்தில் வேலைநிறுத்தமா என்று கேட்டவர்கள் உண்டு. நோயாளியைக் கைவிட்டு யாரும் போகவில்லை, மாற்று ஆள் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். இரவெல்லாம் உயிரைக் காப்பாற்றிவிட்டு, அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் படுக்கப் போகிறவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது நியாயமா? அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பு. என் கண்ணுக்கு அது மனநலக் கோரிக்கையாகவும் தெரிந்தது.

எங்களுக்கு உதவியே வரவில்லை என்று சொல்வது பொய். சுகாதார அமைச்சு மெர்சி மலேசியாவோடு சேர்ந்து 2020 மார்ச்சிலேயே ஆலோசனைத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. மருத்துவமனைகளில் மனநல முதலுதவிக் குழுக்கள் இருந்தன, கேள்வித்தாள் கொடுத்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து கண் எரிய நிற்கும்போது ஆலோசனைக் கூட்டம் வைத்தால் யார் போவார்கள்? தூக்கமா ஆலோசனையா என்றால் தூக்கம்தான் ஜெயிக்கும். கேள்வித்தாளில் உண்மையை எழுதினால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் வேறு. ஜொகூரில் 'தம்போய்' என்று சொன்னாலே கேலி. 1937இல் தொடங்கிய பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. அங்கே போய்விட்டு வந்தவர் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்து நிற்கும். அதே பெர்மாய்தான் பெருந்தொற்றில் கோவிட் நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்த்தது என்பதை நம் மக்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையில் எங்களைத் தாங்கியது எங்கள் வார்டு சிஸ்டர் செய்த சில சின்ன மாற்றங்கள். நேற்று மரணச் செய்தி சொன்னவர் இன்று அதே வேலைக்குப் போகக்கூடாது என்று வைத்தார். தமிழ் பேசும் இன்னொரு தாதியை வேறு பிரிவிலிருந்து கேட்டு வாங்கி, என்னையும் அவரையும் எதிரெதிர் ஷிஃப்டில் போட்டார். விடுப்பு நாளில் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் கூப்பிடக்கூடாது என்றார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரம் சொல்லி முடித்ததும், "இன்னிக்கு யாருக்கு என்ன கஷ்டம்?" என்று ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். பேச விருப்பமில்லாதவர் மிலோ குடித்துவிட்டுப் போகலாம். இதில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படவில்லை. டியூட்டி அட்டவணையைப் போடுகிறவர் மனிதர்களை நினைத்துப் போட்டார், அவ்வளவுதான். மற்ற வார்டுகளில் அப்படி நடக்கவில்லை. எங்கள் வார்டில் நடந்தது ஒருவருடைய நல்ல குணத்தால். நல்ல குணத்தை நம்பி ஒரு நாட்டின் சுகாதாரப் பணியாளர்களை விட்டுவைக்க முடியாது. அது விதியாக வேண்டும்.

எனக்குப் பாதிப்பு வெளியே தெரிந்தது எல்லாம் முடிந்தபிறகு. 2022 ஏப்ரலில் எல்லை திறந்து கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வீட்டில் மறுபடி கூட்டம். யாருடைய கைபேசியிலாவது வீடியோ அழைப்பு மணி அடித்தால் எனக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். சாமி அறையில் விபூதித் தட்டை எடுக்க முடியாது. காரணமே இல்லாமல் பிள்ளைகளிடம் எரிந்து விழுவேன். ஆபத்து இருக்கும்போது மனம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்கிறது, ஓய்வு கிடைத்ததும்தான் ஒதுக்கியதைத் திறக்கிறது, இது சாதாரணமாக நடப்பது என்று பிறகு மருத்துவர் விளக்கினார். அரசு சுகாதார கிளினிக்கில்தான் முதலில் காட்டினேன், அங்கிருந்து மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, சில வாரங்கள் ஆகும், நாமாக நிறுத்தக்கூடாது. கூடவே பேச்சு சிகிச்சை. எந்த ஒலி, எந்தப் பொருள் என்னைக் கலக்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பான இடத்தில், மறுபடி பழக்கினார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்ல வைத்தார்கள். விதியை நான் போடவில்லை என்பதை வேறு யாரோ சொல்லாமல் நானே சொல்லும் நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆயின. மாமியாரிடம் முதலில் சொல்லவில்லை. சொன்னபோது அவர், "எனக்குத் தெரியும்மா, நீ தூக்கத்துல பேசுவ" என்றார்.

மீண்டு வராதவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கில் அவசரப் பிரிவை நடத்திய டாக்டர் லோர்னா பிரீன் தானும் கோவிட்டில் படுத்து எழுந்து, மறுபடி வேலைக்குப் போய், 2020 ஏப்ரல் 26 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி கேட்டால் மருத்துவ உரிமத்துக்கு ஆபத்து வரும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரிலேயே சுகாதாரப் பணியாளர்களின் மனநலத்தைக் காக்கும் சட்டம் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் வந்தது. நம் நாட்டில் 2022இல் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்தபிறகு, சுகாதாரத் துறையின் பணிப் பண்பாட்டை ஆராயச் சிறப்புக் குழு அமைத்தார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 309 ரத்தானது 2023இல்தான். பெருந்தொற்று முழுவதும், உயிரை விட நினைத்த ஒரு பணியாளர் உதவி கேட்டால் சட்டமும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

உலக அளவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இறந்தவர்களை எண்ணுகிறார்கள். வேலையை விட்டுப் போனவர்களையும், வேலையில் இருந்துகொண்டே உள்ளே வற்றியவர்களையும் எண்ண ஆளில்லை. என்னோடு இருந்தவர்களில் சிலர் சிங்கப்பூருக்குப் போனார்கள், சிலர் முன்கூட்டியே ஓய்வு வாங்கினார்கள். இருக்கிறவர்கள் மேல் வேலை கூடியது. இதற்கு நடுவே 2024இல், ஷிஃப்டில் வேலை பார்க்கும் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் முடிவு வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்து தள்ளி வைத்தார்கள். கணக்குப் பார்க்கிறவருக்கு அது மூன்று மணி நேரம். எனக்கு அது பிள்ளையோடு ஒரு சாயங்காலம்.

கொடுக்க வேண்டியது என்ன என்று கேட்டால் என்னிடம் நீண்ட பட்டியல் இல்லை. போதுமான ஆள் போடுங்கள். ஓய்வு நாளை ஓய்வு நாளாக விடுங்கள். நோயாளியின் மொழியில் சாவுச் செய்தி சொல்கிறவரின் வேலையை வேலை என்று எழுதுங்கள். மனநல மருத்துவரைப் பார்த்த விவரம் மேலதிகாரி மேசைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அடுத்த தொற்று வரும்போது புதிதாகத் தொடங்க நேரம் இருக்காது.

வீட்டில் தாதியோ, மருத்துவ உதவியாளரோ, ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ, வார்டைத் துடைக்கும் அக்காவோ இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தைரியமா இரு என்று சொல்வதை விட்டுவிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். சொல்லாவிட்டால் சோறு போட்டுத் தூங்க விடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எரிச்சலும் ஒதுங்கலுமாக இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அதை அவர்கள் கைபேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.